இலயோலாவா, தூய வளனாரா: மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு வழிகாட்டி

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவந்த இரண்டு மூன்று வாரங்களுக்குள், மதுரையைச் சுற்றியுள்ள பள்ளிகளிலும் கத்தோலிக்கப் பங்குகளிலும் ஆண்டுதோறும் ஒரே கேள்வி எழுகிறது. நன்றாகப் படித்த பிள்ளைக்குச் சென்னை இலயோலா கல்லூரியிலும் திருச்சி தூய வளனார் (செயின்ட் ஜோசப்) கல்லூரியிலும் இடம் கிடைத்திருக்கிறது. பணம் கட்டுவதற்கான கடைசி நாள் இரண்டிலும் நெருங்குகிறது. வீட்டில் கல்லூரிப் படியை மிதித்தவர் யாரும் இல்லாததால், கேட்பதற்குப் பள்ளி ஆசிரியரையோ பங்குச் சாமியாரையோ தவிர வேறு ஆளும் இல்லை. உசிலம்பட்டிச் சாலையில் உள்ள ஒரு பள்ளியில் பல ஆண்டுகளாகப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்தி வருபவன் என்ற முறையில், அப்படி வருகிறவர்களிடம் நான் வாய்மொழியாகச் சொல்லி வந்ததை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

செக்கானூரணியிலிருந்து வந்த ஒரு தாய் என் நினைவில் நிற்கிறார். மஞ்சள் பையிலிருந்து இரண்டு சேர்க்கைக் கடிதங்களையும் எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்றின் பின்புறத்தில் பென்சிலால் கணக்குப் போட்டிருந்தார்: கல்லூரிக் கட்டணம், பாய், தலையணை, வாளி, குவளை, பேருந்துச் செலவு. வாளிக்கு எவ்வளவு என்றுகூட எழுதியிருந்தவர், விடுதியில் மாதந்தோறும் கட்ட வேண்டிய சாப்பாட்டுச் செலவை மட்டும் எழுதவில்லை. சேரும்போது கட்டும் பணத்திலேயே சாப்பாடும் அடங்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. இந்த வழிகாட்டியை எழுத வைத்தது அந்தத் தாள்தான்.

முதலில் இரண்டும் எப்படிப்பட்ட கல்லூரிகள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

இரண்டு கல்லூரிகளையும் நடத்துவது ஒரே துறவற சபையான இயேசு சபை. அந்தச் சபைக்கும் மதுரைக்கும் உள்ள உறவு நெடியது. தத்துவ போதகர் என்று நாம் அறியும் இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்து சேர்ந்தார். அவர் பணியாற்றிய மதுரை மிஷனில்தான் பின்னாளில் அருளானந்தரும் வீரமாமுனிவரும் உழைத்தார்கள். 1773இல் கலைக்கப்பட்ட இயேசு சபை 1814இல் மீண்டும் உயிர்பெற்ற பிறகு, பிரெஞ்சுக் குருக்கள் இந்த மிஷனுக்குத் திரும்பி வந்து 1844இல் நாகப்பட்டினத்தில் ஒரு கல்லூரியைத் தொடங்கினார்கள். 1883இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்த அந்தக் கல்லூரியே இன்றைய தூய வளனார் கல்லூரி. சென்னையில் இலயோலா கல்லூரியை அருள்தந்தை பிரான்சிஸ் பெர்ட்ராம் தொடங்கியது 1925இல். இரண்டுக்கும் தன்னாட்சித் தகுதி கிடைத்தது 1978இல்.

இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெற்றோர் பலர் ஒன்றை உயர்ந்தது, மற்றதை இரண்டாந்தரமானது என்று வைத்துக்கொண்டு பேசத் தொடங்குகிறார்கள். அது சரியான தொடக்கம் இல்லை. ஒரே சபை, ஒரே கல்வி மரபு, ஏறத்தாழ ஒரே ஒழுங்குமுறை. திருச்சி நாட்டுக்கு அப்துல் கலாமைக் கொடுத்தது, சென்னை இரா. வெங்கட்ராமனைக் கொடுத்தது. இருவரும் குடியரசுத் தலைவர்கள் ஆனார்கள். எனவே இரண்டில் எதில் சேர்ந்தாலும் பிள்ளை தாழ்ந்துவிடப்போவதில்லை என்ற உறுதியோடு உட்கார்ந்தால்தான் மற்றவற்றை நிதானமாகப் பார்க்க முடியும். வேறுபாடு கல்லூரியின் பெயரில் இல்லை. துறை, கட்டணப் பிரிவு, விடுதி, ஊர் ஆகிய நான்கில்தான் இருக்கிறது.

இவற்றைப் பல்கலைக்கழகம் என்றே பலர் பேச்சில் சொல்கிறார்கள். உண்மையில் இரண்டும் தன்னாட்சிக் கல்லூரிகள். பாடத்திட்டத்தை வகுப்பதும் தேர்வு நடத்துவதும் கல்லூரி. பட்டம் வழங்குவது அது இணைந்திருக்கும் பல்கலைக்கழகம். இலயோலாவில் படித்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டமும், தூய வளனாரில் படித்தால் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பட்டமும் கிடைக்கும். அரசுப் பணித் தேர்வுக்கோ மேற்படிப்புக்கோ இரண்டும் சமமே.

துறையைப் பார்த்த பிறகே கல்லூரியைப் பாருங்கள்

பையன் எந்தப் பாடத்தில் மூன்று ஆண்டு உட்காரப் போகிறான் என்பதுதான் முதற்கேள்வி. ஒரு கல்லூரியில் விரும்பிய துறையும் மற்றதில் வேறு துறையும் கிடைத்திருந்தால், விரும்பிய துறை எங்கே கிடைத்ததோ அங்கே சேருங்கள். இயற்பியல் படிக்க ஆசைப்பட்ட பிள்ளையை, ஊரில் பெயர் சொல்லிக்கொள்ளலாம் என்பதற்காக வேறொரு பாடத்தில் சேர்த்துவிட்டு, இரண்டாம் பருவத்தில் அவன் வகுப்புக்கே போகாமல் இருந்த கதைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரே துறை இரண்டிலும் கிடைத்திருந்தால், இரண்டு கல்லூரிகளின் இணையதளத்திலிருந்தும் அந்தத் துறையின் பாடத்திட்டத்தை இறக்கி, அச்செடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் என்பதால் இரண்டும் ஒன்றாக இருக்காது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆய்வகம், கடைசி ஆண்டில் விருப்பப் பாடங்கள் என்னென்ன, கள ஆய்வோ செயல்திட்டமோ உண்டா, அதே துறையில் முதுநிலையும் முனைவர் ஆய்வும் நடக்கிறதா என்ற நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றில் கடைசி மிக முக்கியம். ஆய்வு நடக்கும் துறையில் நூலகமும் ஆய்வகமும் உயிரோடு இருக்கும். இளநிலை மாணவர்களுக்கும் அதன் பயன் வந்து சேரும்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். அடிப்படை அறிவியல் படிக்க விரும்பும் பிள்ளையை நான் திருச்சிக்கே அனுப்புவேன். இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகியவற்றில் அந்தக் கல்லூரிக்கு ஒரு நூற்றாண்டைத் தாண்டிய பழக்கம் இருக்கிறது. தாவரவியல் படிக்கும் பிள்ளைக்கு அங்குள்ள இராப்பினாட் உலர்தாவரகம் ஒரு செல்வம். அழுத்திக் காயவைத்து, பெயரும் இடமும் நாளும் எழுதி ஒட்டப்பட்ட செடித் தாள்கள் அங்கே அடுக்கடுக்காக இருக்கின்றன. அருள்தந்தை கே. எம். மேத்யூ தமிழகச் சமவெளியின் தாவரங்களைத் தொகுத்த பெரும்பணி அங்கிருந்துதான் நடந்தது. நம் ஊர் வேலியோரம் நிற்கும் ஒரு செடியின் தாளைக் கையில் வாங்கிப் பார்க்கும் வாய்ப்பு முதலாண்டு மாணவனுக்குக் கிடைப்பது சிறிய விஷயம் இல்லை.

வணிகவியல், பொருளியல், காட்சித் தொடர்பியல், சமூகப்பணி போன்றவற்றுக்குச் சென்னை என்பேன். வணிகவியல் படித்துக்கொண்டே பட்டயக் கணக்காளர் தேர்வுக்கும் தயாராக விரும்புகிறவனுக்குப் பயிற்சி மையங்களும் தணிக்கை அலுவலகங்களும் அந்த ஊரில்தான் நிறைய உள்ளன. ஊடகம் படிப்பவனுக்குத் தொலைக்காட்சி நிலையங்களும் நாளிதழ் அலுவலகங்களும் மின்ரயில் தூரத்தில் இருக்கின்றன. இந்தப் படிப்புகளில் வகுப்பறைக்கு வெளியே கற்பது பாதி. அந்தப் பாதியைத் தருவது ஊர்.

இதில் தமிழ்வழியில் படித்த பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு மாதம் ஆங்கில விரிவுரை காதில் விழும், மனத்தில் ஏறாது. இது இரண்டு கல்லூரியிலும் நடக்கும். இதற்காக அஞ்ச வேண்டாம். ஆனால் சென்னையில் வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஆங்கிலவழியில் வந்தவர்களாக இருப்பார்கள் என்பதால் கூச்சம் அதிகமாக இருக்கும். திருச்சியில் புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துத் தமிழ்வழிப் பிள்ளைகள் உடன் இருப்பார்கள். சந்தேகத்தைத் தமிழில் கேட்டுத் தெளிந்துகொள்வது எளிது. எந்தக் கல்லூரியானாலும், முடிவு வந்த நாளிலிருந்து வகுப்பு தொடங்கும் நாள்வரை தன் பாடத்தின் ஆங்கிலச் சொற்களை நாளொன்றுக்குப் பத்தாக ஒரு நோட்டில் எழுதி வரும்படி என் மாணவர்களிடம் சொல்கிறேன். எழுதிய பிள்ளைகள் முதல் உள்தேர்வில் தடுமாறவில்லை.

கடிதத்தில் உள்ள ஒரு வரியைத் தவறவிடாதீர்கள்

சேர்க்கைக் கடிதத்தில் துறையின் பெயருக்குப் பக்கத்தில் ‘ஷிப்ட் 1’ அல்லது ‘ஷிப்ட் 2’ என்றோ, ‘அரசு உதவி பெறும் பிரிவு’ அல்லது ‘சுயநிதிப் பிரிவு’ என்றோ ஒரு குறிப்பு இருக்கும். செலவைத் தீர்மானிப்பது இந்த ஒரு வரிதான். அரசு உதவி பெறும் பிரிவில் ஆசிரியர்களின் ஊதியத்தை அரசு கொடுக்கிறது. அதனால் கல்விக் கட்டணம் குறைவு. சுயநிதிப் பிரிவில் மாணவர் கட்டும் பணத்திலிருந்துதான் ஊதியமும் ஆய்வகச் செலவும் நடக்க வேண்டும். அதனால் ஒரே துறைக்கே பல மடங்கு வேறுபாடு வரும். காலை ஷிப்டில் (ஷிப்ட் 1) இருப்பவை பெரும்பாலும் உதவி பெறும் படிப்புகள். மாலை ஷிப்டில் (ஷிப்ட் 2) இருப்பவை பெரும்பாலும் சுயநிதிப் படிப்புகள். ஆனாலும் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஆகவே ‘இலயோலாவில் எவ்வளவு, ஜோசப்பில் எவ்வளவு’ என்று கேட்பது பயன் தராது. இந்தத் துறைக்கு, இந்த ஷிப்டில், ஆறு பருவத்துக்கும் சேர்த்து எவ்வளவு என்று அலுவலகத்தில் கேளுங்கள். முதல் பருவக் கட்டணத்தை மட்டும் சொல்லி அனுப்பினால், தேர்வுக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், கணினிக் கட்டணம் ஆகியவை அதில் அடங்குமா என்று மறுபடியும் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. கட்டப் போவது உங்கள் பணம்.

மாலை ஷிப்டில் இன்னொன்றும் உண்டு. வகுப்பு மதியத்தில் தொடங்கி மாலையில் முடிவதால், காலை நேரம் முழுவதும் பிள்ளையின் கையில் இருக்கும். ஒழுங்கான பிள்ளை அந்த நேரத்தில் போட்டித் தேர்வுக்குப் படிப்பான், பட்டயக் கணக்காளர் பயிற்சிக்குப் போவான். தட்டி எழுப்ப ஆள் வேண்டிய பிள்ளை தூங்கியே கழிப்பான். உங்கள் பிள்ளை எந்த ரகம் என்பது உங்களுக்கே தெரியும்.

முழுச் செலவையும் ஒரே தாளில் எழுதுங்கள்

செக்கானூரணி அம்மாவும் நானும் அன்று ஒரு புதிய தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்தோம். இடப்பக்கம் சென்னை, வலப்பக்கம் திருச்சி. கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்கு. விடுதியில் தங்கும் கட்டணம் ஆண்டுக்கு. விடுதிச் சாப்பாடு மாதத்துக்கு, பத்து மாதத்தால் பெருக்கி. ஊருக்கு வந்து போகும் செலவு, ஆண்டில் எத்தனை முறை என்று எண்ணி. புத்தகம், நகல் எடுப்பது, கைப்பேசி, துணி. உடம்புக்கு முடியாமல் போனால் ஒரு தொகை. பிறகு எல்லாவற்றையும் கூட்டி மூன்றால் பெருக்கினோம். கல்லூரிக் கட்டணத்தைவிடச் சாப்பாடும் தங்குமிடமும் பெரிய தொகையாக வந்ததைப் பார்த்து அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். உதவி பெறும் பிரிவில் சேரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கணக்கு இப்படித்தான் வருகிறது.

அதன் பிறகு வரவுப் பக்கத்தை எழுதினோம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்த பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்பது விடுதிச் சாப்பாட்டில் ஒரு பங்கைத் தாங்கும். கல்லூரியில் சேர்ந்தவுடன் அங்குள்ள பொறுப்பு அலுவலர் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில், ஆதாருடன் இணைக்கப்பட்டு இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறைகளின் உதவித்தொகைகள் தனி. நம் பங்குகளில் பலர் அறியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்கள் வேலைவாய்ப்பு ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தாலும், மேற்படிப்பு உதவித்தொகைக்கு ஆதிதிராவிடர் நலத்துறையிடம் விண்ணப்பிக்கலாம். சாதிச் சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர் என்று இருப்பதைப் பார்த்து, தங்களுக்கு அந்த உதவி இல்லை என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

அதற்கும் மேல் பற்றாக்குறை இருந்தால் வங்கிக் கல்விக் கடனைக் கேளுங்கள். 4 இலட்சம் ரூபாய்வரை சொத்துப் பிணை தேவையில்லை. நகையை அடகு வைப்பதும் வட்டிக்கு வாங்குவதும் முதல் வழியாக இருக்க வேண்டாம். கையில் மூன்று ஆண்டுக்கான கணக்குத் தாள் இருந்தால் வங்கி மேலாளரிடம் பேசுவதும் எளிது.

விடுதி உறுதியானதா என்று பாருங்கள்

கல்லூரியில் இடம் கிடைத்தால் விடுதியிலும் இடம் கிடைத்துவிட்டது என்று பொருள் இல்லை. விடுதிக்குத் தனி விண்ணப்பம், தனி நேர்காணல், தனிக் கட்டணம். இதை முதலிலேயே செய்யுங்கள். சென்னையில் விடுதி கிடைக்காத பிள்ளை நுங்கம்பாக்கத்திலோ சூளைமேட்டிலோ அறை எடுத்துத் தங்கி, மெஸ்ஸில் சாப்பிட வேண்டியிருக்கும். முன்பணமும் வாடகையுமாக அந்தச் செலவு நம் பக்கத்துக் குடும்பங்களுக்குத் தாங்காது. பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளை முதலாண்டிலேயே அறை எடுத்துத் தங்குவதை நான் பணத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் ஏற்கமாட்டேன். விடுதி உறுதியாகாவிட்டால் சென்னை வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. திருச்சியில் விடுதி கிடைக்காமல் போனால்கூடச் சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் தெப்பக்குளப் பக்கமும் குறைந்த செலவில் தங்க இடம் தேடலாம்.

தூரத்தையும் மனத்தில் வையுங்கள். மதுரையிலிருந்து திருச்சி ஏறத்தாழ 135 கிலோமீட்டர். மாட்டுத்தாவணியில் ஏறினால் மேலூர், துவரங்குறிச்சி, விராலிமலை வழியாக மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். பேருந்து இப்போது பஞ்சப்பூர் முனையத்துக்குப் போகும். அங்கிருந்து நகரப் பேருந்தில் சத்திரம் போனால் கல்லூரி நடை தூரம். சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்து ஞாயிற்றுக்கிழமை இரவு திரும்ப முடியும்.

சென்னை ஏறத்தாழ 460 கிலோமீட்டர். பகலில் வைகை விரைவு ரயில், இரவில் பாண்டியன் விரைவு ரயில். இரண்டும் எழும்பூர் போகும். அங்கிருந்து மின்ரயிலில் சேத்துப்பட்டுக்கு அடுத்த நிலையம் நுங்கம்பாக்கம், இறங்கினால் கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம். பேருந்தில் போகிறவர்கள் கிளாம்பாக்கத்தில் இறங்க வேண்டியிருக்கும். அங்கிருந்து மின்ரயில் பிடிக்க வேண்டும். தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ் நாள்களுக்கு ரயில் முன்பதிவை 60 நாளுக்கு முன்பே செய்யாவிட்டால் நின்றுகொண்டுதான் வர வேண்டும். சென்னைக்குப் போகும் பிள்ளை மாதம் ஒரு முறைகூட வீட்டுக்கு வராது என்பதைத் தாய் தந்தையர் முன்பே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஒரு வேலை நாளில் நேரில் போய்ப் பாருங்கள்

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு வளாகத்தையும் பிள்ளையோடு போய்ப் பார்ப்பது கட்டாயம். திருச்சி ஒரு பகல், சென்னை ஓர் இரவுப் பயணமும் ஒரு பகலும். இந்தச் செலவை வீண் என்று நினைக்காதீர்கள்.

போனால் தேவாலயத்தையும் பழைய கட்டடங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். திருச்சியில் லூர்து அன்னை ஆலயத்தின் கோபுரமும் பின்னால் மலைக்கோட்டையும் தெரியும் காட்சி யாரையும் மயக்கும். இலயோலாவில் மர நிழலும் கிறிஸ்து அரசர் ஆலயமும் அப்படியே. அவற்றைப் பார்த்து மனம் நிறைந்த பிறகு, பிள்ளை சேரப்போகும் துறையின் வராந்தாவுக்குப் போய் அறிவிப்புப் பலகையைப் படியுங்கள். கடந்த மாதத்தில் என்ன கருத்தரங்கு நடந்தது, உள்தேர்வு மதிப்பெண் ஒட்டப்பட்டிருக்கிறதா, வருகைப் பதிவு குறைந்தவர்களின் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். பலகை நாள் தவறாமல் மாறும் துறையில் படிப்பும் ஒழுங்காக நடக்கும் என்பது என் அனுபவம். நூலகத்தில் நண்பகலில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

வகுப்புகள் நடக்கும் நாளாக இருந்தால், மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்து இரண்டாமாண்டு மாணவர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அவரிடம் மூன்று கேள்வி போதும்: விடுதியில் இரவுச் சாப்பாடு எப்படி, அரியர் விழுந்தவர்களுக்கு யார் உதவுகிறார்கள், முதல் பருவத்தில் எது கஷ்டமாக இருந்தது. பெற்றோர் சற்றுத் தள்ளி நின்று பிள்ளையைப் பேசவிடுங்கள். பெரியவர்கள் முன்னால் அவர்கள் உண்மையைச் சொல்லத் தயங்குவார்கள்.

மகளைச் சேர்க்க நினைப்பவர்கள் இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும்: அந்தப் படிப்பில், அந்த ஷிப்டில் பெண்களுக்கு இடம் உண்டா, பெண்களுக்கான விடுதி எங்கே இருக்கிறது? இவை இரண்டும் ஆண்களுக்காகத் தொடங்கப்பட்டவை. பெண்களுக்கென்றே தொடங்கப்பட்ட திருச்சி ஹோலி கிராஸ் (1923), சென்னை ஸ்டெல்லா மாரிஸ் (1947), நம் விளாங்குடியிலேயே உள்ள பாத்திமா கல்லூரி (1953) ஆகியவற்றையும் அதே தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது.

விண்ணப்பமும் நேர்காணலும்

அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணைய விண்ணப்பம் போதும். இந்தக் கல்லூரிகளுக்கு அப்படி இல்லை. ஒவ்வொன்றின் இணையதளத்திலும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 30ஆவது பிரிவின்படி சிறுபான்மையினர் நடத்தும் நிறுவனங்கள் என்பதால் சேர்க்கை முறை அவற்றுக்கே உரியது. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குத் திருமுழுக்குச் சான்றிதழும் பங்குத்தந்தையின் கடிதமும் கேட்பார்கள். பங்கு அலுவலகத்தில் பதிவேட்டைத் தேடி எழுதித் தர நாளாகும் என்பதால் ஏப்ரல் மாதமே கேட்டு வாங்கிவிடுங்கள். பிற சமயத்துப் பிள்ளைகளும் இரண்டிலும் நிறையப் படிக்கிறார்கள். அவர்களுக்கு மறைக்கல்விக்குப் பதிலாக நன்னெறிக் கல்வி வகுப்பு இருக்கும். சமயம் மாற்றிவிடுவார்களோ என்று அஞ்சிய பெற்றோர் பலர், பிள்ளை படித்து முடித்த பிறகு தம்பியையும் அங்கேயே சேர்த்திருக்கிறார்கள்.

முதல் தலைமுறைப் பட்டதாரி என்பதை நேர்காணலில் தயங்காமல் சொல்லச் சொல்லுங்கள். பின்தங்கிய குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுப்பதை இயேசு சபைக் கல்லூரிகள் கொள்கையாகவே வைத்திருக்கின்றன. அப்பா கூலி வேலை செய்கிறார் என்பதை மறைத்து ‘சொந்தத் தொழில்’ என்று எழுதிய மாணவன் ஒருவன், கிடைக்க வேண்டிய கட்டணச் சலுகையை இழந்தான்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து முன்பே வாங்கி வையுங்கள். மதிப்பெண் பட்டியலிலும் ஆதாரிலும் பெயரும் முன்னெழுத்தும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். திருமுழுக்குப் பெயர் ஒன்றிலும் பள்ளிப் பெயர் ஒன்றிலும் இருப்பது நம் பக்கத்தில் சாதாரணம். உதவித்தொகை நின்றுபோவது பெரும்பாலும் அங்கேதான்.

பணம் கட்டும்போதும் திரும்பப் பெறும்போதும்

இரண்டிலும் இடம் கிடைத்து, முடிவு எடுக்க நாள் போதாமல், ஒன்றில் பணம் கட்டிவிட்டுப் பிறகு மற்றதற்கு மாற நேரலாம். என் தம்பிக்கு அப்படி நேர்ந்தது. ஒரு கல்லூரி, அதன் பெயர் இங்கே வேண்டாம், அவனுடைய மூலச் சான்றிதழ்கள் அனைத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, விலகுகிறேன் என்றபோது மூன்றாண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்றது. அப்பா நான்கு முறை அலைந்தார். அந்த ஆண்டு அவன் விரும்பிய இடம் போய்விட்டது. அப்போது எங்களுக்கு விதி தெரியாது.

இப்போது விதி தெளிவாக இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட அறிவிக்கையின்படி, சேர்க்கையின்போது மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்து உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும். நிறுவனம் வைத்துக்கொள்ளக் கூடாது. சேர்க்கைக்கு அறிவிக்கப்பட்ட கடைசி நாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்பாக விலகினால் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். அதில் நடைமுறைச் செலவுக்கென 5 விழுக்காட்டுக்கும் 5,000 ரூபாய்க்கும் மிகாமல் பிடித்துக்கொள்ளலாம். கடைசி நாளுக்குப் பதினைந்து நாளுக்குள் என்றால் 90 விழுக்காடு, கடைசி நாளுக்குப் பின் பதினைந்து நாள்வரை 80 விழுக்காடு, முப்பது நாள்வரை 50 விழுக்காடு, அதற்குப் பின் ஒன்றுமில்லை. எனவே கடைசி நாள் எது என்பதை இரண்டு கல்லூரியிலும் எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளியிலிருந்து பெற்ற மாற்றுச் சான்றிதழின் மூலத்தைக் கல்லூரி அலுவலகம் கேட்டு வாங்குவது நடைமுறையில் வழக்கம் என்பதால், முடிவு உறுதியான கல்லூரியில் மட்டும் அதைக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் பத்து நகல் எடுத்து வையுங்கள்.

தரவரிசையைப் பற்றி

மத்திய அரசின் தரவரிசையில் எது எத்தனையாவது இடம் என்று கேட்டு வருகிறார்கள். கற்பித்தல், ஆய்வு, தேர்ச்சி, எல்லாத் தரப்பினருக்கும் இடமளித்தல், பொதுக் கருத்து ஆகிய ஐந்தையும் சேர்த்து முழுக் கல்லூரிக்கும் போடும் எண் அது. உங்கள் பிள்ளையின் துறைக்கென்று அது எதையும் சொல்லாது. வளாக வேலைவாய்ப்பைப் பற்றிக் கேட்டால், துறைவாரியாக எத்தனை பேர் படித்து எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள்.

இன்னும் முடிவெடுக்க முடியாதவர்களுக்கு

மூன்றாண்டு திருச்சி, பிறகு இரண்டாண்டு சென்னை என்ற வழியை நான் பலருக்குச் சொல்லி வருகிறேன். இளநிலையை வீட்டுக்கு அருகில், குறைந்த செலவில், விடுதி ஒழுங்கில் முடித்துவிட்டு, இருபது வயதில் முதுநிலைக்குச் சென்னை போகும் பிள்ளை ஊரையும் சமாளிக்கும், ஆங்கிலத்தையும் சமாளிக்கும். இராமேசுவரத்திலிருந்து வந்த அப்துல் கலாம் தூய வளனார் விடுதியில் தங்கி 1954இல் இயற்பியல் பட்டம் முடித்த பிறகுதான் சென்னை குரோம்பேட்டைக்குப் பொறியியல் படிக்கப் போனார். இரண்டு ஊருக்கும் வசதியில்லாத குடும்பங்கள் கருமாத்தூர் அருள் ஆனந்தர் கல்லூரியை மறக்க வேண்டாம். 1970இல் தொடங்கப்பட்ட அதுவும் இயேசு சபையுடையதே. வீட்டிலிருந்தே போய் வரலாம், அங்கிருந்து முதுநிலைக்குத் திருச்சிக்கும் சென்னைக்கும் போன பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள்.

செக்கானூரணித் தாயின் மகனுக்கு வேதியியல், இரண்டிலும் உதவி பெறும் பிரிவு. இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்த்து, வளாகங்களை நேரில் போய்ப் பார்த்து, அவன் திருச்சியைத் தேர்ந்தான். அன்று மாலையே இலயோலா அலுவலகத்துக்கு, தன் விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு, இடத்தை விட்டுக்கொடுப்பதாக மின்னஞ்சல் எழுத வைத்தேன். முடிவு எடுத்த நாளிலேயே நீங்களும் மற்றக் கல்லூரிக்கு அப்படி எழுதிவிடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் அடுத்துள்ள பிள்ளைக்கு அழைப்புப் போவது அதற்குப் பிறகுதான்.